ஓடுவதை நிறுத்தாதவள்

என் நாத்தனார் எதையும் நிறுத்த விடமாட்டாள். கிரைண்டர் கடகடவென்று ஆட ஆரம்பித்தால் நான் பயந்துபோய் சுவிட்சை அணைக்க ஓடுவேன். அவள் மாடியிலிருந்து கத்துவாள்.

"அண்ணி, ஆஃப் பண்ணாத! ஓட வுடு!"

"மாவு பூரா செவுத்துல அடிக்குதுடி பாப்பா."

"அடிக்கட்டும். நான் வந்து பாக்கற வரைக்கும் ஓடட்டும்."

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கி வருவாள். ஆடுகிற கிரைண்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் மாவு தெறிக்கத் தெறிக்கப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "நிறுத்திட்டுத் தேடறது, செத்தவன்கிட்ட போயி எங்க வலிக்குதுன்னு கேக்கற மாதிரி அண்ணி" என்பாள். நான் கல்லைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் கல்லில் ஒரு குறையும் இல்லை. தரையை நாங்கள் கழுவிவிட்டபோது, ஒரு காலுக்கு அண்டை கொடுத்திருந்த பலகைத் துண்டு நகர்ந்து போயிருந்தது.

வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனிக்கு வேலை செய்தாள். புதிதாக எழுதுகிற வேலை இல்லை. மற்றவர்கள் எழுதிவிட்டுப் போன புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று தடுமாறும். ஏன் தடுமாறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. நான் பத்தாவதோடு நின்றவள். ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"சி-ன்னு ஒரு பாஷை இருக்குது அண்ணி. ரொம்பப் பழசு, ரொம்ப வேகம். ஆனா தடுக்கவே தடுக்காது. லைன் வீடு பாத்திருக்கல்ல? வரிசையா ஒரு ரூமு, ஒரு ரூமு. ஒன் ரூமுல கட்டில் அடங்கலன்னா என்ன பண்ணுவ?"

"சின்னக் கட்டிலா வாங்குவேன்."

"இது வாங்காது. பாதிக் கட்டில பக்கத்து ரூமுக்குள்ள நீட்டிடும். அங்க இருக்கறவன் சாமானத்து மேல ஏறி உக்காந்துக்கும். ஏன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். அந்தப் பக்கத்து ரூமுக்காரன் சாயந்தரம் வந்து சோத்துப் பானையத் தேடறான் பாரு, அப்பதான் வெடிக்கும். எல்லாரும் அவனத்தான் திட்டுவாங்க. கட்டில் போட்டவன் எப்பவோ கதவைச் சாத்திக்கினு தூங்கியிருப்பான்."

அவள் சுபாவமே அதுதான். விழுந்தவனைப் பார்க்கமாட்டாள், அவனுக்கு முன்னால் யார் நின்றார்கள் என்று பார்ப்பாள். ஆனித் திருமஞ்சனத் தேருக்குச் சிதம்பரம் போயிருந்தபோது கீழவீதியில் ஒரு பெரியவர் கூட்டத்தில் சரிந்து விழுந்துவிட்டார். "வயசான காலத்துல வூட்டுல இருக்கக் கூடாதா?" என்று ஆளாளுக்கு அவரையே வைதார்கள். நானும் நடராசா நடராசா என்று அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் இவளைக் காணோம். கூட்டத்தை எதிர்த்து எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள். வெகுதூரம் பின்னால் யாரோ பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டுச் சாமி பார்க்கப் போயிருந்தானாம். அங்கே ஒதுங்கின கூட்டம் ஒருவரை ஒருவர் தள்ளித் தள்ளி, அது இந்தப் பெரியவர் மேல் வந்து முடிந்திருக்கிறது. பைக்கை நகர்த்தி வைத்துவிட்டு, வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தாள். தேரைப் பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

இன்னொரு குணம் உண்டு. சரியாகிவிட்டது என்று வாயால் சொல்லவே மாட்டாள். "பாத்த வரைக்கும் ஒண்ணும் இல்ல" என்பதுதான் அவள் வாயிலிருந்து வருகிற பெரிய ஆறுதல். என் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஏதோ சோதனை எடுத்தார்கள். முடிவை வாங்கிப் படித்தவள் இவள்தான். "எனக்கு ஒண்ணும் இல்லையே கண்ணு?" என்று அம்மா கேட்டதற்கு, "பாத்த வரைக்கும் இல்ல அத்தை" என்றாள். அம்மா கீரப்பாளையத்துக்குத் திரும்பிப் போய் ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை. என் தம்பிதான் அவளிடம் சண்டைக்கு வந்தான்.

"ஒன்னக் கட்டிக்கப் போறவன் பாவம் பாப்பா. 'என்னப் புடிச்சிருக்கா'ன்னு கேட்டா 'பாத்த வரைக்கும்'ம்பே."

"ஒன்ன மாதிரி ஆளா இருந்தா பாக்கவே மாட்டேன் மாமா."

என் தம்பிக்கு நிலத்து வேலையில் மனசு ஓடவில்லை. டீசல் இன்ஜின் என்றால் உயிர். என் வீட்டுக்காரரின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உதவியாக வந்தவன், கடைக்கு வருகிற படகுக்காரர்களோடு பழகி, கடைசியில் 'வெண்ணிலா' என்கிற படகுக்கு இன்ஜின் டிரைவராகவே ஏறிவிட்டான். "மச்சான், சேத்துல நின்னவனுக்குத் தண்ணியில என்னா வேல?" என்று இவர் கேலி செய்வார். நான் ஒவ்வொரு முறை அவன் கடலுக்குப் போகும்போதும் திருநீறு பூசி அனுப்புவேன். அவன் திரும்பி வரும்வரை விளக்கை மலையேற விடமாட்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புயல் சின்னம் என்று சொல்லிப் படகுகளையெல்லாம் கூப்பிட்ட நாளைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்லி முடியாது.

படகு சங்கத்து அறையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். நான் இங்கே இருக்கிறேன் என்று அது அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டு வரிசையாகக் காட்டும்: படகின் பேர், அது இருக்கிற இடம். கரைக்கு வந்துவிட்டதென்றால் பச்சையாகக் 'கரை' என்று போடும். யாரோ காலேஜ் பையன் எழுதிக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டானாம். அதுவும் அந்த சி பாஷைதான். தகராறு வந்தால் சங்கத்து மேனேஜர் பாப்பாவைக் கூப்பிடுவார். அவளும் போய்ப் பார்த்துக் கொடுப்பாள்.

அன்றைக்குக் காலையிலிருந்தே காற்று. பாதிப் படகுகள் வந்துவிட்டன, மீதி வரவில்லை. தம்பியின் போன் கிடைக்கவில்லை. அப்போது மேனேஜர் போன் பண்ணி, "வெண்ணிலா கரைன்னு வந்துடுச்சும்மா, கவலப்படாதீங்க" என்றார். தெருக்கோடிப் பிள்ளையாருக்கு மழையிலேயே போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். ஈரப்புடவையோடு நின்று பாப்பாவிடம் சொன்னேன்.

"எந்தக் கரை?" என்றாள்.

"கரைன்னு போட்டிருக்குதாம். பரங்கிப்பேட்டை பக்கம் ஒதுங்கியிருப்பான்."

"எந்த எடம்னு போடலியா?"

"என்னா கேள்வி கேக்கற நீ? வந்துட்டான்டி."

அவள் குடையை எடுத்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

சங்கத்து அறையில் மேனேஜரும், 'கடல்ராணி' படகுக்காரரின் பெண்சாதியும் இருந்தார்கள். அந்த அக்காவின் புருஷன் இன்னும் கரைக்கு வரவில்லை. பாவம், விடியற்காலையே வந்து மேனேஜரின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, படகின் பேரோடு அம்மன் பேரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் அது உண்டு. ஆபத்து என்றால் குழந்தைக்கும் வண்டிக்கும் சாமி பேரைச் சேர்த்துக் கூப்பிடுவதாக வேண்டிக்கொள்வோம். வேண்டிக்கொண்ட நிமிஷத்திலிருந்தே கூப்பிட ஆரம்பித்துவிட வேண்டும்; பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்கக் கூடாது. படகு நடுக்கடலில் இருக்கும்போது அதன் மேல் எப்படி எழுதுவது? கம்ப்யூட்டரில் எழுதச் சொன்னாள். திரையில் 'அம்மன் துணை கடல்ராணி' என்று இருந்தது. அந்த வரிசையை விட்டு அவள் கண்ணை எடுக்கவே இல்லை. அதற்கு அடுத்த வரிசையில் 'வெண்ணிலா', பச்சையில் 'கரை'. நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

பாப்பா உட்கார்ந்து என்னென்னவோ தட்டினாள். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"அண்ணி, வெண்ணிலா கரையில இல்ல."

"போட்டிருக்குதே!"

"எடத்துக்கான நம்பர் குப்பையா இருக்குது. எடம் புரியலன்னா கரைன்னு காட்டச் சொல்லி எழுதி வச்சிருக்கான். அதனால கரைன்னு காட்டுது."

"நான் தேங்கா ஒடச்சிட்டேன் பாப்பா."

"தெரியும் அண்ணி."

அந்த நேரத்தில் அவள் மேல் எனக்கு வந்த கோபம் யார் மேலும் வந்ததில்லை. கரை என்று இருந்ததைக் கரை என்றே விட்டுவிட்டால் இவளுக்கு என்ன? ஆனால் மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. தேடவேண்டிய படகுகளின் பேர்களைக் காலையிலேயே அதிகாரிகளிடம் சொல்லியாகிவிட்டது. அதில் வெண்ணிலா இல்லை.

"நிறுத்திட்டு மறுபடி ஏத்திடும்மா. நாங்க எப்பவும் அப்படித்தான் பண்ணுவோம், சரியாயிடும்" என்றார்.

"இன்னிக்கு வேணாம்ணே. நிறுத்தி ஏத்தற நேரத்துல ஏதாவது ஒரு படகு கடைசித் தடவையா எடத்தச் சொல்லிட்டு அணைஞ்சி போனா? அதக் கேக்க ஆள் இருக்காது. ஓடட்டும். ஓடறப்பவே பாக்கறேன்."

வெண்ணிலாவின் இடம் எழுதியிருக்கிற அந்த ஒரு மூலையில் காவல் போட்டிருப்பதாகச் சொன்னாள். யார் அங்கே கைவைத்தாலும், வைத்த கையோடு பிடித்துக் காட்டுமாம். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடல்ராணி அக்கா அம்மா தாயே என்று அரற்றிக்கொண்டிருந்தாள். தகரக் கூரையில் மழை அடித்த அடியில் எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை.

காவல் பிடித்துவிட்டது. திரை ஒரு கணம் நின்றது. பாப்பா படித்தாள். திரும்பி அந்த அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, ஒங்க படகுப் பேருக்கு அவன் கொஞ்சம் எடம்தான் வச்சிருக்கான். கடல்ராணின்னா அடங்கும். அம்மன் பேரும் சேந்தா அடங்கல. வழிஞ்சி அடுத்த வரிசையில எழுதுது. ஒங்க படகு எடத்தச் சொல்ற ஒவ்வொரு தடவையும் பேரையும் சேத்து எழுதுது. எழுதறப்பல்லாம் வெண்ணிலாவோட எடம் அழியுது." என்னைப் பார்த்தாள். "மாமா படகும் சொல்லிகினுதான் இருந்திருக்குது அண்ணி. சொல்லச் சொல்ல அழிஞ்சி போயிருக்குது."

"அதுக்கு?" என்றாள் அந்த அக்கா.

"பேரைப் பழையபடி ஆக்கணும்."

"அம்மன் பேரை எடுக்கறியா? எம்புருசன் நடுக்கடல்ல இருக்கறப்பவா?"

"சாமி பேருல தப்பில்லக்கா. எடம் வைக்காதவன் தப்பு. அவன் இங்க இல்ல."

"ஓம்னாவது வையி. ஒரே ஒரு எழுத்து."

பாப்பா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சும்மா சமாதானத்துக்கு இல்லை, நிஜமாகவே விரலை விட்டு எண்ணினாள். "அதுக்கும் எடம் இல்லக்கா."

"வேற வரிசைக்கு மாத்தேன்."

"ஓடறப்ப மாத்தினா நடுவுல இருக்கற படகுங்க வரிசை பூரா கலைஞ்சிடும். இந்தச் செவுத்துல பெருசா எழுதி வைக்கிறேன். அம்மன் துணை கடல்ராணின்னு, நானே எழுதறேன்."

"செவுத்துலயா இருக்கான் அவன்?" என்று கத்தினாள் அந்த அக்கா. பிறகு என்னிடம் திரும்பினாள். கோபமாக இல்லை. "நீயும் சாமி கும்புடறவதானே. நீ சொல்லு, எடுக்கலாமா?"

எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடுக்காதே என்று சொன்னால் என் தம்பி. இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து என் கால் விரலைப் பார்த்தேன்.

"எடுக்கறேன்க்கா" என்றாள் பாப்பா. ஏதாவது சாக்குச் சொல்லி எங்களை வெளியே அனுப்பிவிட்டுச் செய்திருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. அந்த அக்கா பார்க்கும்படி நாற்காலியை ஒதுக்கிக்கொண்டு, அவள் கண் முன்னால் செய்தாள். அம்மன் போய்விட்டாள். துணை போய்விட்டது. கடல்ராணி மட்டும் நின்றது. அந்த அக்கா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள்.

அடுத்த வரிசையில் கிடந்த குப்பையையும் அவள் துடைத்ததும் பச்சை போய்விட்டது. வெண்ணிலாவின் வரிசையில் இடம் வெறுமையாக இருந்தது. நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரத்துக்குப் பிறகு அங்கே நம்பர்கள் வந்து விழுந்தன. கரையும் இல்லை, பரங்கிப்பேட்டையும் இல்லை. தெற்கே எங்கேயோ வெகுதூரம் அடித்துக்கொண்டு போயிருந்தது. மேனேஜர் வயர்லெஸ்ஸில் கத்தினார். அந்தப் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய படகுக்குச் செய்தி போய், அவர்கள் தேடிப் பிடித்துக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜின் நின்று கிடந்த படகில் என் தம்பி கையெல்லாம் கிரீஸோடு இருந்தானாம்.

அதுவரை தவறாமல் சொல்லிக்கொண்டிருந்த கடல்ராணி, அன்று பொழுது சாய்வதற்குள் சொல்வதை நிறுத்திவிட்டது. கடைசியாகச் சொன்ன இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். படகும் கிடைக்கவில்லை, ஆட்களும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு பாப்பா மாடியை விட்டு இறங்குவதே குறைந்துபோயிற்று. சங்கத்துக் கம்ப்யூட்டரில் எல்லாப் பேருக்கும் இடத்தைப் பெரிதாக்கி வைத்தாள். இடம் புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே காட்டும்படி மாற்றினாள். அதோடு விடவில்லை. அன்று அவள் கைவைத்ததால் கடல்ராணி சொன்னது ஏதாவது கேட்காமல் போயிற்றா, பேரை வெட்டும்போது வேறு எதன் மேலாவது விரல் பட்டுவிட்டதா என்று, கம்ப்யூட்டரில் பதிந்திருந்த அந்த நாளை மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டை மாடிக்கு எடுத்துப் போனால் கை வைக்காமலே காய்ந்து திரும்பும். இவர் ஒருநாள் தாங்காமல், "அதான் ஒண்ணும் இல்லன்னு தெரியுதுல்ல பாப்பா, வுட்டுத் தொலையேன்" என்றார். "பாத்த வரைக்கும் இல்லண்ணே" என்றாள்.

கரும காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. பாப்பாவைக் கூப்பிடச் சொன்னாள். என்ன வைவாளோ, மண்ணை வாரித் தூற்றுவாளோ என்று பயந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஒன்னயத் திட்ட வரல. நீ படிச்சவ, அதான் கேக்கறேன். பேரை எடுத்ததாலயா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. நான் பாப்பாவின் பின்னால் நின்று, சொல்லு, சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவளுக்கும் சொல்ல ஆசையாகத்தான் இருந்திருக்கும்.

"பாத்த வரைக்கும் இல்லக்கா."

அந்த அக்கா தலையை ஆட்டினாள். "இன்னும் பாத்துகினுதான் இருக்கியா?"

"ஆமாக்கா."

"சரி" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் எங்கள் தெருப்பக்கம் அவள் வந்து நான் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் பாப்பாவும் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டாள். போனில் பேசுகிறாள், எங்கள் குழந்தைகளை விசாரிக்கிறாள். ஆனால் அவளை நினைத்தால் அந்த மத்தியானம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அன்று அந்த அக்கா போனதும் பாப்பா என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள். கூடத்தில் என் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்தப் பேச்சு எதுவும் காதில் விழாதபடி டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

"நீ சொல்லு அண்ணி. நீ தெனம் வெளக்கேத்தறவ. பேரை எடுத்ததாலயா?"

"சீச்சீ, அம்மன் அப்படியெல்லாம் பண்ண மாட்டா பாப்பா. பெத்தவ மாதிரி அவ. எடம் இல்லன்னு எடுத்ததுக்கா கோச்சிக்குவா?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"எடுத்ததால ஒண்ணும் ஆவலன்னா, அந்த அக்கா வச்சதாலயும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு ஆவுதே அண்ணி. அப்ப நீ தெனம் வேண்டிக்கறது?"

நான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றன.

"யக்கா, இன்னும் கொஞ்சம் ரசம்" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தான் என் தம்பி.

ரசத்தை எடுத்துக்கொண்டு போய் அவனுக்கு ஊற்றினேன். அவன் விரல் மேல் கொஞ்சம் சிந்திவிட்டது. சூடு என்று உதறிக்கொண்டு சிரித்தான். திரும்பி வந்தபோது பாப்பா, நான் பதில் சொல்வேன் என்று, அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.